ஐஸ்கிறீம் பெட்டியையும் திருப்பிக் கொடுத்த மனுசன்

விடிந்து, முகம் கழுவி, அருளம்பலம் வந்து கதிரையில் இருக்கப் போன் அடிக்கும். ரொறன்ரோவில் அது இரவு. மகள் தனுசியா வேலையால் வந்து, பிள்ளைகளைப் படுக்கப் போட்டுவிட்டு, அச்சுவேலியில் தனியே இருக்கிற தகப்பனைக் கூப்பிடுகிற நேரம்.

"அப்பா, இண்டைக்கு மூண்டு சொல்லுங்கோ."

மூன்று என்றால் மூன்று நல்ல விஷயங்கள். தாய் செத்த பிறகு தனுசியாவுக்கு நித்திரை இல்லாமல் போய், அங்கே ஒரு பெண்ணிடம் போய்க் கதைத்துவிட்டு வருவாள். கதைப்பதுதான் அங்கே வைத்தியமாம். அந்தப் பெண் சொல்லிக் கொடுத்தது இது. நன்றி சொல்லக்கூடிய மூன்று விஷயங்களை ஒவ்வொரு நாளும் வாய்விட்டுச் சொன்னால் மனம் மெல்ல மெல்ல இளகும். மகளுக்கு அது கொஞ்சம் வேலை செய்தது. ஆனபடியால் தகப்பனுக்கும் செய்ய வேண்டும் என்று பிடிவாதம்.

அருளம்பலம் மகளுடைய முகம் தெரிகிற போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

"கரண்ட் நிக்கேல்லை."

"ம்."

"கிணத்திலை தண்ணி கிடக்கு."

"மூண்டாவது?"

"போனிலை சார்ஜ் இருக்கு."

"அப்பா, பஸ் எடுக்க முந்தித் தண்ணி, எண்ணெய், ரயர் பாக்கிற மாதிரிச் சொல்லுறியள்."

"வேறை என்ன பிள்ளை சொல்ல?"

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. தேடித்தான் சொன்னார். தேடிய இடத்தில் அவ்வளவுதான் கிடைத்தது.

அருளம்பலம் வாழ்நாள் முழுக்கப் பஸ் ஓடியவர். யாழ்ப்பாணத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் அவர் சில்லு விழாத குழி இல்லை. ஏறுகிறவர்கள் ஏறுவார்கள், இறங்குகிறவர்கள் இறங்குவார்கள். டிரைவருக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லுவதில்லை, அவரும் எதிர்பார்த்ததில்லை. றோட்டைப் பார்த்தே பழகிய முகம் அவருக்கு. கல்யாணப் படத்திலும் அதே முகத்தோடுதான் நிற்கிறார், பெண்சாதியின் செத்தவீட்டுப் படத்திலும் அதே முகத்தோடுதான் நிற்கிறார். கல்நெஞ்சன் என்று சொன்னவர்கள் உண்டு. சொல்லுகிறவர்கள் சொல்லட்டும், அது பிழை.

பெண்சாதி குணலட்சுமி மாசியில் செத்துப்போனாள். காலையில் சாமிக்குப் பூ ஆய்ந்துகொண்டு நின்றவள், மத்தியானம் இல்லை. அன்றைக்கு அருளம்பலத்துக்குள்ளே ஏதோ ஒன்று நின்றுவிட்டது. அதை வலி என்று சொல்ல ஏலாது. பல்லுப் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் பிறத்தியாருடைய கன்னம் மாதிரி இருக்குமே, அப்படி ஒரு விறைப்பு. தொட்டால் கைக்குத் தெரியும், கன்னத்துக்குத் தெரியாது. கீரிமலைக்குப் போய் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடித்து, மகளும் திரும்பிப் பறந்து, பந்தல் கழற்றி எல்லாம் ஆகியும் அந்த விறைப்புப் போகவில்லை.

செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அக்கம்பக்கம்தான் சாப்பாடு கொண்டுவரும். அந்த ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில் இருக்கிற சனம் அதை அந்தியேட்டியோடு நிற்பாட்டவுமில்லை. தனித்த ஆம்பிளை, சமைக்கத் தெரியாத ஆம்பிளை என்று, ஒரு நாள் இடியப்பமும் சொதியும், ஒரு நாள் புட்டு, ஒரு நாள் சோறு கறி. அருளம்பலம் சாப்பிட்டார். என்ன சாப்பிட்டீர்கள் என்று பின்னேரம் கேட்டால் சொல்லத் தெரியாது. சாப்பிட்டுவிட்டுச் சட்டியைக் கழுவுவார், துடைப்பார், குசினி மேசையில் கவிழ்த்து வைப்பார். அடுத்த நாள் அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பிறகு ஒன்றின் மேல் ஒன்று. மேசை நிறைந்து, பக்கத்தில் கிடந்த வாங்குப் பலகையிலும் ஏறிவிட்டது.

குணலட்சுமி இருந்திருந்தால் ஒரு சட்டி அந்த வீட்டில் இரண்டு நாள் தங்கியிராது. வந்த சட்டி திரும்பிப் போகும், வெறுமையாகப் போகாது. முருங்கையிலையோ, புளிக்கு நாலு தேசிக்காயோ, ஒன்றுமில்லாத நாளில் ஒரு பிடி சீனியோ உள்ளே கிடக்கும். சண்டையில் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஆரோ ஒருத்தர் வீட்டு விறாந்தையில் கிடந்த காலத்திலும், கஞ்சி வந்த பேணிக்குள் வேலியோரத்து வல்லாரையைப் பிடுங்கிப் போட்டுக் கொடுத்தவள் அவள். நன்றி என்று வாயால் சொல்லுகிற பழக்கம் அந்த ஒழுங்கையில் இல்லை. சொன்னால் அந்நியமாகிவிடும். சட்டிதான் போய்ச் சொல்லும். சட்டி வெறுமையாக வந்தால் அதற்கு இரண்டு அர்த்தம்தான். ஒன்றில் கோபம், இல்லையென்றால் கணக்கு முடித்து ஊரை விட்டுப் போகிறார்கள்.

இத்தனை வருசம் ஒரே வீட்டில் இருந்தும் அருளம்பலத்துக்கு இது தெரியாது. வருகிற சாப்பாட்டைக் கண்டிருக்கிறார். போகிற சட்டியை அவர் கண்டதேயில்லை, அந்த நேரம் அவர் பஸ்ஸில்.

வைகாசி போக, சாப்பாடு வருவது குறைந்தது. ஆனி பிறக்க, நின்றே போனது. சனத்துக்கும் எத்தனை நாள், மறந்துவிட்டார்கள் என்று அருளம்பலம் நினைத்தார். அதற்காகக் கவலைப்படவில்லை. பேக்கரிப் பாணை வாங்கிப் பிளேன்ரீயில் தோய்த்துச் சாப்பிட்டார். மகளுக்குத்தான் அது பொறுக்கவில்லை.

"பாணோ? ஒவ்வொரு நாளுமோ? அப்ப சுத்தவர ஒருத்தரும் இல்லையே அப்பா?"

"இருக்கினம். தங்கடை தங்கடை பாட்டிலை."

"நீங்கள் உங்கை தனிய இருக்கேலாது. என்னோடை வந்திடுங்கோ. ஞாயிற்றுக்கிழமை ரிக்கெற் போடப் போறன். அதுக்கு முந்தி ஓமோ இல்லையோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. போட்டால் போட்டதுதான், வீட்டைப் பூட்டிறதுதான்."

"பாப்பம்."

"பாப்பம் எண்டால்?"

அவருக்கே தெரியாது. போவது என்று நினைத்தாலும் மனதில் ஒன்றும் அசையவில்லை, இருப்பது என்று நினைத்தாலும் அசையவில்லை. வீட்டைப் பூட்டித் திறப்பை ஆரிடமோ கொடுத்துவிட்டுத் திரும்பி வராத பயணம் போவது, அதைக் கூட ஆரோ ஒருவருடைய கதை மாதிரித்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று பின்னேரம் கனிசியஸ் வந்திருந்தார். கனிசியஸ் அந்தக் காலத்தில் அவருடைய பஸ்ஸில் கொண்டக்டர். பென்சன் எடுத்த பிறகும் பின்னேரம் ஆனால் சைக்கிளில் வந்து இறங்கிவிடுவார். இரண்டு பேரும் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருக்க, அடுத்த வீட்டுப் பத்மாசினி படலையடியில் வந்து நின்றாள்.

"அண்ணை, கிணத்துத் தண்ணி எப்பிடி? உவர் ஏறிட்டுதோ?"

"இல்லைப் பிள்ளை."

"வெயில்தான், என்ன?"

"ஓம்."

அவள் எட்டிக் குசினிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "அப்ப வாறன்" என்றுவிட்டுப் போனாள்.

கனிசியஸ் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"டிரைவரண்ணை, அவ தண்ணி விசாரிக்க வரேல்லை. சட்டிக்கு வந்தவ."

"என்ன சட்டி?"

"மூடி போட்ட பெரிய சட்டி. மகள் சாருஜாவைப் பாக்கச் சனிக்கிழமை மாப்பிளை பகுதி வருகுதாம். பொங்கிறதுக்குச் சட்டி வேணுமெல்லே."

"கேட்டிருக்கலாமே."

"செத்தவீட்டிலை போய் என்ரை சட்டியைத் தாங்கோ எண்டு ஆர் கேக்கிறது? நீங்கள் கேப்பியளோ?" கனிசியஸ் மேசைப் பக்கம் கையைக் காட்டினார். "சனம் உங்களை மறந்து சாப்பாட்டை நிப்பாட்டினது எண்டு நினைச்சியளோ? போட்டுத் தரச் சட்டி இல்லை அண்ணை. முழு ஒழுங்கையின்ரை சட்டியும் உங்கடை குசினியிலை கவிண்டு கிடக்கு. உதுகளைக் கெதியாக் கொண்டுபோய்க் குடுங்கோ."

சொன்ன சொல்லைச் செய்கிற மனுசன் அருளம்பலம். அடுத்த நாள் வியாழக்கிழமை, வெயில் ஏற முந்தி எல்லாச் சட்டியையும் இன்னொரு தரம் கழுவினார். அடியில் பேர் வெட்டியிருந்ததால் ஆருடையது எது என்று பார்த்துப் பிரிக்கப் பிரச்சினை இருக்கவில்லை. பிரச்சினை பிளாஸ்ரிக் ஐஸ்கிறீம் பெட்டிகளில்தான். சில பேர் அதற்குள்தான் கறி போட்டுத் தந்திருந்தார்கள், அதில் பேர் இல்லை. அவர் அதையும் நீதியாகப் பங்கு பிரித்தார், வீட்டுக்கு ஒன்று. சைக்கிள் ஹாண்டிலில் இரண்டு பக்கமும் பையைக் கொழுவிக்கொண்டு, பஸ் ஓடின மாதிரியே, ஒரு வீடும் விடாமல் நின்று நின்று போனார்.

முதல் தரிப்பு பத்மாசினி வீடு. அவள் சட்டியை வாங்கி, கை பழக்கத்தில் மூடியைத் திறந்தாள். உள்ளே பார்த்தாள். மூடினாள்.

"கழுவிப்போட்டன்" என்றார் அருளம்பலம்.

"ஓம், கழுவித்தான் கிடக்கு."

"இதுவும் உங்கடையோ தெரியேல்லை." ஐஸ்கிறீம் பெட்டியை நீட்டினார்.

பத்மாசினி சட்டியைப் பார்த்ததைவிட அந்தப் பெட்டியைக் கூடுதல் நேரம் பார்த்தாள். பிறகு வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இருங்கோ என்று சொல்லவில்லை, தேத்தண்ணி குடிக்கிறீர்களோ என்று கேட்கவில்லை. அருளம்பலம் அதைக் கவனித்தார், ஆனால் உறைக்கவில்லை. அடுத்த வீட்டுக்கு மிதித்தார்.

பின்னேரம் முதல் வந்தது கடைசி வீட்டு றொசாந்தி. கையில் துணிப்பை.

"அண்ணை, கோபியாதேங்கோ. அக்கா உங்கடை தனுசியாவுக்குக் கிட்ட, ஸ்காபரோவிலை இருக்கிறாவெல்லே. கொஞ்சம் மிளகாய்த்தூளும் ஒடியலும். கனமில்லை. இடமிருந்தால் வையுங்கோ."

அவர் கேட்கத் தொடங்க முந்தி அவள் பையை மேசையில் வைத்தாள். காலையில் வெறுமையாகிப் போன மேசை.

அவள் போக, முன்வீட்டுச் சண்முகநாதன் வந்தார். அவரும் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார், அங்கே இருக்கிற மருமகனுக்குப் பருத்தித்துறை வடை. அதை வைத்துவிட்டு, கோழிகள் மேய்கிற முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"அப்ப வீட்டை ஆரின்ரை பொறுப்பிலை விடுறியள்?"

"என்னத்துக்கு?"

"சரி சரி, பிறகு யோசிப்பியள். கோழியளை மட்டும் வேறை ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ, நான் பாத்துக்கொள்ளுறன். நல்ல இடத்துக்குப் போறியள் அண்ணை, குளிருக்கு மட்டும் கவனம்."

கனிசியஸ் வந்தபோது மேசையில் ஐந்தாறு பொட்டலம் சேர்ந்துவிட்டது. அவர் வழமைபோல் பகிடி விடவில்லை. கதிரையில் இருந்து, தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம் அண்ணை. இவ்வளவு காலம் ஒரு பஸ்ஸிலை ஓடினனாங்கள்."

"என்ன சொல்லியிருக்கலாம்?"

"கனடாவுக்குப் போறதை."

"நான் போறன் எண்டு ஆர் உனக்குச் சொன்னது?"

"ஐஸ்கிறீம் பெட்டி சொன்னது."

அருளம்பலம் விளங்காமல் பார்த்தார்.

"விசர் அண்ணை உங்களுக்கு. ஐஸ்கிறீம் பெட்டியை உலகத்திலை ஆரும் திருப்பிக் குடுக்கிறவையோ? ஒரே நாளிலை, எல்லா வீட்டுக்கும், எல்லாத்தையும், வெறுமையா. முடிச்சுக்கொண்டு போறார் எண்டுதானே சனம் நினைக்கும். பத்மாசினி அழுதவவாம்."

"நீயெல்லோ குடுக்கச் சொன்னனீ."

"குடுக்கச் சொன்னனான். வெறுமையாக் குடுக்கச் சொன்னனானோ?" என்றுவிட்டு, கனிசியஸ் அந்த வழக்கத்தை முதலிலிருந்து கடைசிவரை அவருக்குச் சொன்னார். பெண்சாதி செய்துகொண்டிருந்ததை ஒரு கொண்டக்டர் வாயால் கேட்க வேண்டியிருந்தது. எல்லாம் சொல்லி முடித்து, "அப்ப, மெய்யாய்ப் போகேல்லையோ?" என்று கேட்டார்.

"தெரியேல்லை" என்றார் அருளம்பலம்.

கனிசியஸ் போன பிறகு அவர் குசினிக்குள் போய் நின்றார். பஸ்ஸின் எஞ்சினை நிற்பாட்டினால்தான் இவ்வளவு நேரமும் சத்தம் இருந்தது தெரியவரும். அந்த மேசையும் அப்படி இருந்தது. சட்டிகள் குவிந்து கிடந்தபோது அவற்றை அவர் பார்த்ததில்லை. இப்போது அவை இல்லாதது தெரிந்தது. சந்தோசமும் இல்லை, துக்கமும் இல்லை. இடம் வெறுமையாக இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. அதற்குள் ஆட்களுடைய மிளகாய்த்தூள் மணம்.

வெள்ளிக்கிழமை காலை அவர் பத்மாசினியின் படலையடியில் போய் நின்றார்.

"பிள்ளை, அந்தச் சட்டியை ஒருக்காத் தா."

"ஏன், பயணத்துக்குக் கட்டுச்சோறு கட்டவோ?"

"பயணமில்லை."

"ஊரெல்லாம் பொட்டலம் கட்டிக்கொண்டு நிக்குது, பயணமில்லையாம்."

"அதுகளையும் திருப்பிக் குடுக்கோணும்."

"இனி அதையும் குடுக்கப் போறியளோ? நல்லாத்தான் பழகிட்டியள் திருப்பிக் குடுக்க." பத்மாசினி முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "நான் நினைச்சன், குணமக்கா போனதோடை எங்களையும் முடிச்சுப்போட்டியள் எண்டு."

"எனக்குத் தெரியாது பிள்ளை. அவ என்ன வைக்கிறவ எண்டு நான் ஒருநாளும் பாக்கேல்லை."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"கூடுதலா முருங்கையிலைதான்" என்றாள். "நல்ல இளசாப் பாத்து. காம்பு இல்லாமல் உருவி. தேசிக்காய் காய்க்கிற நாளிலை தேசிக்காய். எங்கடை சாருஜா பெரியபிள்ளையான வருசம் சட்டி முட்ட உழுத்தம்மா தந்தவ." உள்ளே போய்ச் சட்டியைக் கொண்டுவந்து அவருடைய கையில் வைத்தாள். "நாளைக்கு எனக்குப் பொங்கச் சட்டி வேணும். சொல்லிப்போட்டன்."

வீட்டுக்கு வந்து பார்த்தால் தேசிமரம் காய்ந்து இலை கொட்டிப்போய் நின்றது. மாசியிலிருந்து அதற்கு ஒருவரும் தண்ணீர் விடவில்லை. கிணற்றடி முருங்கைக்கு ஒருவரும் ஒன்றும் செய்யத் தேவையில்லை, அது தன்பாட்டில் மதிலுக்கு மேலே தழைத்து நின்றது. அருளம்பலம் கொக்கைத்தடியால் கொப்புகளை முறித்தார். நிலத்தில் இருந்து இலை உருவினார். பழக்கமில்லாத வேலை, காம்பும் சேர்ந்து வந்தது. எடுத்து எறிந்துவிட்டு மறுபடி உருவினார்.

நன்றி முதலில் மனதில் ஊற வேண்டும், பிறகுதான் கைக்கு வர வேண்டும் என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால் பாதிச் சனம் சாகும்வரை ஒன்றும் கொடுக்காது. அருளம்பலத்தின் மனதில் அன்றைக்கு ஒன்றும் ஊறவில்லை. கை உருவியது, சட்டி நிறைந்தது. மனம் வந்தால் வரட்டும். வராவிட்டாலும் இலை போய்ச் சேர்ந்துவிடும்.

பத்மாசினி மூடியைத் திறந்து பார்த்தாள். ஒரு காம்பை எடுத்து வெளியே போட்டாள். "பரவாயில்லை" என்றாள்.

மற்ற வீடுகளுக்கும் போனார், பொட்டலத்தோடு ஒவ்வொரு பிடி முருங்கையிலை. "உதென்ன அண்ணை, மிளகாய்த்தூள் குட்டி போட்டுதோ?" என்று றொசாந்தி சிரித்தாள். சண்முகநாதன் வடையை வாங்கி வைத்துக்கொண்டு, மனமில்லாமல் கேட்டார்.

"அப்ப கோழியள்?"

"கோழியள் நிக்கும்."

அதைச் சொன்ன பிறகுதான், தன் வாயால் ஒரு முடிவு வெளியே வந்துவிட்டது என்று அவருக்கே தெரிந்தது.

மத்தியானம் சாருஜா மதிலுக்கு மேலால் ஒரு சின்னக் கோப்பையை நீட்டினாள். உள்ளே முருங்கையிலை வறை, தேங்காய்ப்பூப் போட்டு, செத்தல் மிளகாய் கிள்ளிப் போட்டு. அவர் காலையில் உருவிய அதே இலை. பாண் இருந்தது, அதோடு சாப்பிட்டார். உப்புக் கொஞ்சம் கூட. அது அவருக்குத் தெரிந்தது. மாசியிலிருந்து உப்புக் கூடினதோ குறைந்ததோ ஒன்றும் அவருக்குத் தெரிந்ததில்லை. கோப்பையைக் கழுவி, துடைத்து, மேசையில் கவிழ்த்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடியப் போன் அடித்தது.

"அப்பா, மூண்டு சொல்லுங்கோ. அதோடை ரிக்கெற்றுக்கும் ஒரு சொல்லு."

"ரிக்கெற் போடாதை பிள்ளை."

"ஏன்?"

அவர் யோசித்தார். உன்னைத் தவிர எனக்கு இங்கேயும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்லத் தெரியவில்லை. இந்த வீட்டில் எனக்கு விருப்பம் என்று சொன்னால் பொய்யாகிவிடும், விருப்பம் என்ற சாமான் இன்னும் திரும்பி வரவில்லை.

"பத்மாசினியின்ரை கோப்பை ஒண்டு இங்கை கிடக்கு" என்றார்.

அருளம்பலம் போன் நின்றுவிட்டதோ என்று பார்த்தார். நிற்கவில்லை. தனுசியா முகத்தை மற்றப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அந்த வீட்டுக் குசினியில் வளர்ந்த பிள்ளை.

"எப்ப வந்தது?"

"வெள்ளி."

"ரெண்டு நாளாச்சு அப்பா." மூக்கை உறிஞ்சினாள். "அம்மா எண்டால் ஏசுவா. உள்ளுக்கு என்ன வைக்கப் போறியள்?"

"முருங்கையிலைதான் இருக்கு. வெள்ளியும் அதைத்தான் குடுத்தனான்."

"ஒவ்வொரு முறையும் அதையே குடுக்கேலாது. சீனி இருக்கோ?"

"பாக்கிறன்."

"போனை வைக்காமல் பாருங்கோ."

அவர் போனைப் பிடித்துக்கொண்டே குசினிக்குள் போய்ப் போத்தல்களை ஒவ்வொன்றாகத் திறந்து மகளுக்குக் காட்டினார். குணலட்சுமி கையால் நிரப்பி வைத்த போத்தல்கள், பாதி வண்டு விழுந்தவை. சீனிப் போத்தலில் அடியில் கொஞ்சம் இறுகிப்போய்க் கிடந்தது. கரண்டிக் காம்பால் குத்தி உடைத்தார். ஒரு பிடி தேறியது.

"ஒரு கோப்பைக்கு இது காணுமோ?"

"காணும் அப்பா."

சீனியைக் கோப்பையில் போட்டு, அதன் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து மூடிவிட்டு, போகிற வழியில் ஒரு வாளி தண்ணீரைத் தேசிமரத்தடியில் ஊற்றினார். அது பிழைக்குமோ பிழைக்காதோ என்று நின்று பார்க்கவில்லை. படலையைத் திறந்துகொண்டு போனார்.